ருக்குவின் ஊதா ஜன்னல்

பல் துலக்கிய கையோடு ருக்கு உள்ளறைக்குப் போய்ப் பழைய பெயின்ட் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறார். கனத்தால் அப்படியே வைத்துவிடுவார். லேசாக இருந்தால் அரை டம்ளர் தண்ணீர். "நெசமாப் பசிக்குதா, சும்மா அழுவுதான்னு தூக்கினாத் தெரிஞ்சிரும்" என்பார். டப்பாக்களில் இருப்பது குட்டைச் செண்டுமல்லி. அந்தமானில், போர்ட் பிளேயரின் லம்பா லைன் பகுதியில் இருக்கும் வாடகை வீட்டின் அந்த அறையில் வெயிலுக்குப் பதில் ஊதா நிற விளக்கு எரிகிறது.

துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுன்ட்டர்தான் ருக்குவுக்கு வேலை. ஹிந்தியில் அதட்டி, தமிழில் சமாதானம் சொல்லி, டிக்கெட் இல்லாதவரையும் சிரிக்க வைத்து அனுப்பும் வாய். கணவர் குருநாதன் கார் நிக்கோபார் தீவில் அரசு ஊழியர். கப்பல் கிடைத்தால் வருவார். செடி வளர்த்துப் பழக்கமே இல்லாத இந்த அம்மாளைச் செடிப் பக்கம் தள்ளியது, சாமிக்கு வைக்க மெயின்லாண்டிலிருந்து வாடி வரும் பூதான். "ஃப்ளைட்ல வந்து எறங்குற பூ மூஞ்சியப் பாத்தா, அதுக்கு ஒரு காபி போட்டுக் குடுக்கலாம்னு தோணும்!"

முதலில் வாசலில்தான் விதைத்தார். பாதியை மழை அடித்தது, மீதியை உள்ளங்கை அளவு நத்தைகள் தின்றன. அழுது வடியாமல் போனில் வீடியோ பார்த்து, விளக்கு வாங்கி, செடிகளை வீட்டுக்குள் குடியேற்றினார். ரகமும் தேடிப் பிடித்ததுதான். "இது வயசுக்குப் பூக்குறது. பகல் நீளமா குட்டையான்னு பாக்காது. நாம ரெடியான்னும் பாக்காது. டைம் ஆச்சுன்னா கப்பல் எடுத்துருவான்ல, அந்த மாதிரி." அதாவது சின்ன வயதில் செடியை வாட்டிவிட்டால் அது தேறி வரும்வரை பருவம் காத்திருக்காது. நோஞ்சானாகவே பூத்துவிடும்.

அது தெரிந்தும் வாட்டினார். போர்ட் பிளேயரில் குழாயில் தினமும் தண்ணீர் வராது. வருகிற அன்று, தண்ணீர் வந்தாச்சு என்று ஹிந்தியில் "பானி ஆயா!" எனத் தெருவே கத்தும். டிரம், குடம், குக்கர் என்று வாய் திறந்திருக்கும் எதையும் நிரப்பாமல் விடமாட்டார்கள். கை பழகிய பழக்கத்தில் ருக்கு பெயின்ட் டப்பாக்களையும் விளிம்புவரை நிரப்பிவிட்டு, திருப்தியாக வேலைக்குப் போனார். திரும்பி வந்தபோது செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினார். பாதிச் செடி அழுகியது. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்து டப்பாக்களின் அடியில் ஓட்டை போட்டார். டப்பாவைத் தூக்கிப் பார்க்கிற வழக்கமும் அன்றுதான் தொடங்கியது.

செடிகள் தேறிவரும் நேரத்தில்தான் தெரு அந்த ஜன்னலைக் கவனித்தது. ஊதா வெளிச்சம், மூடிய அறை, போதாததற்கு ரம்பப் பல் இலை. செண்டுமல்லி இலையைப் பூவில்லாமல் யார் பார்த்திருக்கிறார்கள்? கஞ்சா என்று யாரோ சொல்ல, பேச்சு தெரு வாட்ஸ்அப் குழு வரைக்கும் போனது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் ரவிசங்கர் இறங்கி வந்தார்.

"மேடம், எனக்கு உங்க மேல டவுட் இல்ல. ஆனா போலீஸ் வந்தா என் பேரும் சேந்துல்ல போகும்? மாசக் கடைசிக்குள்ள பூவைக் காட்டுங்க. இல்லைன்னா இதெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, வீட்டையும் காலி பண்ணிருங்க."

"டீக் ஹை, சரி சார். பூக்கும்" என்றார் ருக்கு. அவமானம் சுட்டது. போனில் கணவரிடம் மூச்சுவிடவில்லை. செடிகளை ராவோடு ராவாகக் குப்பையில் போட்டிருந்தால் தெருவின் வாய் அடங்கியிருக்கும். போடவில்லை. "தப்பு செஞ்சவதான் ஒளிப்பா" என்று தனக்கே சொல்லிக்கொண்டு விளக்கைப் போட்டார். எனக்கு அந்த அம்மாளிடம் மிகவும் பிடித்தது இந்த வீம்புதான்.

மாசக் கடைசி வந்தது. தண்ணீரில் ஊறிப் பிழைத்த செடிகளில் ஒன்றே ஒன்று பூத்திருந்தது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் நல்ல ஆரஞ்சு. ரவிசங்கர் மனைவி சித்ராவோடு வந்தார். குனிந்து பார்த்தார், மோந்தும் பார்த்தார். முகம் சிறுத்துப் போனது.

"அட, செண்டுமல்லிதான்! மன்னிச்சுக்குங்க மேடம். ஒரு போட்டோ எடுத்துக் குரூப்புல போட்டுடறேன். எல்லா வாயும் அடங்கட்டும்."

அவர் போனைத் தூக்கிப் பிடித்துக் கோணம் பார்ப்பதற்குள் ருக்குவின் கை கத்தரிக்கோலோடு குறுக்கே வந்தது. காம்போடு பூவை நறுக்கி, சித்ராவின் உள்ளங்கையில் வைத்தார்.

"குரூப்புக்கு இல்ல, சாமிக்கு வை சித்ரா. வாடறதுக்குள்ள போ."

ரவிசங்கரின் போன் பூவில்லாத செடியைப் பார்த்தபடி அந்தரத்தில் நின்றது.