தொமினிக் என்னும் கோல் கீப்பர்

பெரிய மாமா மொன்றியலில் இருந்து வரும்போது ஒரு பெட்டியையும், பாரிசில் யாருக்கும் வேண்டாத ஒரு விளையாட்டையும் கொண்டு வந்தார். அம்மாவின் தமையன் அவர். பாரிசை ஒட்டிய லா கூர்னெவில் எங்கள் வீட்டு சோபாவில் படுத்தார். கனடாவை ஏன் விட்டு வந்தார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணம் கட்டாத மனுஷன், எங்கே இருந்தால் என்ன என்று அம்மா சொல்லுவார். எனக்கு அப்போது எட்டு வயது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் போவார். அங்கே ஒரு தேநீர்க்கடையின் பின் மேசையில் ஊர்க்காரர் நாலைந்து பேர் கூடுவார்கள். கையில் பிளேன்ரீ, வாயில் ஊர் உதைபந்தாட்டம். யாரோ எப்போதோ வெறுங்காலால் அடித்த கோலை ஒருவர் எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். வாரத்துக்கு வாரம் அந்தப் பந்து இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து பறந்து வரும்.

மாமா மீசை முளைக்குமுன் ஊரை விட்டவர். அவர்கள் சொன்ன ஆட்டக்காரர்களை அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஐஸ் ஹாக்கி. முகமூடி போடும் வழக்கம் வருவதற்கு முந்திய காலத்து கோல் கீப்பர் ஒருவர், அடிபட்டுக் கன்னம் கிழிந்து, வெளியே போய்த் தையல் போட்டுக்கொண்டு அதே ஆட்டத்துக்குத் திரும்பி வந்து நின்ற கதையை ஆசையோடு தொடங்குவார்.

“ஐஸ் எண்டால் எங்களுக்கு மீன் பெட்டிக்குள்ளை போடுறதுதான் தெரியும்,” என்பார் கடைக்காரர். மேசையே சிரிக்கும். நாலு பேர் நடுவில் இருந்துகொண்டே ஒருவர் அவ்வளவு தனியாக இருக்கலாம் என்பதை மாமாவிடம்தான் முதலில் பார்த்தேன்.

“சரி, ஆளின்ரை பேர் என்ன?” என்று ஒருநாள் கடைக்காரர் கேட்டார்.

“சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, அண்ணை.”

“பேர் இல்லாத ஆளே? கயிறு விடாதை, தம்பி.”

மாமா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு பெயர்தானே, அதைச் சொன்னால் என்ன?

திரும்பும்போது ரயிலில் அந்தக் கதையை எனக்கு மட்டும் முழுதாகச் சொன்னார். “பழைய ஆட்டமெல்லாம் ரீவியிலை திருப்பிப் போடுவாங்கள். நாங்கள் ரெண்டு பேரும் ஒரு போர்வைக்குள்ளை இருந்து பாப்பம். அந்தாள் திரும்பி வந்து நிக்கேக்கை அழுதிடுவம்.” பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் ஸ்டேஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. கோல் கீப்பரின் பெயரை வாங்காமல் இறங்குவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

“பேர் என்ன, மாமா?”

யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, “தொமினிக்,” என்றார். என் வகுப்பு ஆசிரியையின் பெயரும் அதுதான்.

அடுத்த ஞாயிறு, தேநீர் வருமுன்பே நான் மேசையில் போட்டு உடைத்தேன். “அந்தக் கோல் கீப்பரின்ரை பேர் தொமினிக்!”

மாமா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார்.

“அப்ப சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெடியன்!” என்றார் கடைக்காரர். பெயர் கிடைத்ததுமே ஆள் அவர்களுக்கு உறவாகிவிட்டான். எங்கள் ஊரில் பிறந்திருந்தால் எந்த இடத்தில் விளையாடியிருப்பான் என்றுகூடப் பேசினார்கள். மாமாவின் முகம் மெல்ல மலர்ந்தது. அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“தொமினிக்குக்குக் குளிர் எண்டால் கண்ணிலை காட்டக்கூடாது.”

“ஐஸிலை நிக்கிற ஆளுக்கே?” மேசை குலுங்கியது. மாமாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“இப்ப ஆள் எங்கை?”

“அவ போன மார்கழியிலை செத்துப்போனா.”

“அவவோ! அவர் எண்டு சொல்லடாப்பா. கனடா போய்த் தமிழும் மறந்துபோச்சு!”

மாமா கோப்பைக்குள் பார்த்தார். “ஓம்,” என்றார். “அவர்.”

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரையும் அவவையும் மாற்றிச் சொல்லி வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறவள் நான். பெரிய ஆள் ஒருவரும் அதே பிழையை விட்டதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் அவர் கையைப் பிடித்தபடி, ஆம்பிளை எண்டால் அவர், பொம்பிளை எண்டால் அவ என்று பாடம் எடுத்தேன். மாமாவும் பிழை விடாமல், நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்.