எனக்கென்று ஒரு பவர் ஆம்ப்

ரைஸ் குக்கர் வாங்கப் போனால், கடையில் முதலில் கண்ணில் படுவதைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிற மனிதர் என் கணவர். சோபாவையும் அப்படித்தான் வாங்கினார். அதில் உட்கார்ந்தால் எழும்ப இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர், என் கிட்டாருக்கு ஒரு பவர் ஆம்ப் வேண்டும் என்று நான் கேட்டதும் மாதக்கணக்கில் யோசித்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நான் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவள். மகள் பள்ளிக்கூடத்தில் இரண்டு தவணை பழகிவிட்டு மூலையில் சாத்திய கிட்டாரை, வீணாகக் கிடக்கிறதே என்று எடுத்தேன். எடுத்த கை விடவில்லை. வாரம் முழுக்க ஆக்லாந்தின் தெற்கே மனுரேவாவில் உணவு பொதியிடும் தொழிற்சாலையில் வேலை. அங்கே இயந்திரங்கள் போடுகிற கூச்சலுக்குக் காதை மூடிக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிப்பேன், ஏனென்றால் பாபடோயிட்டோயில் நாங்கள் இருக்கிற யூனிட்டின் சுவர், பக்கத்து வீட்டுக்காரர் தும்மினாலே எங்களுக்குக் கேட்கிற சுவர். ஆகவே என் வாசிப்பு எப்போதும் என் இரண்டு காதுகளுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். அதுதான் எனக்குப் பெரிய குறை.

குறையைத் தீர்க்க ஒரு மெல்லிசைக் குழு கிடைத்தது. பெரியபிள்ளையான பெண்களுக்குச் சேலை விழா, பிறந்தநாள், கல்யாண வரவேற்பு என்று தெற்கு ஆக்லாந்தில் எங்கள் ஆட்கள் கூடுகிற மண்டபங்களில் வாசிக்கிற சின்னக் குழு. கீபோர்டு வாசிக்கிற தம்பிதான் தலைவர். தமிழ்நாட்டுக்காரர், ஐடி வேலை. பாட இரண்டு மூன்று பேர் வருவார்கள். கிட்டார் நான். எல்லோருடைய சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்கு என் கணவர், ஏனென்றால் அவர் தொழிலே மின்சார வேலை. வயர் என்றால் அவருக்குப் பயமில்லை. மேசையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பார். "அண்ணா ஏதோ விமானம் ஓட்டுற மாதிரியே இருக்காரு" என்று கீபோர்டுத் தம்பி கேலி செய்வார். தாளமும் வயலினும் அந்தத் தம்பியின் லேப்டாப்பில் முன்கூட்டியே பதிவு செய்த ட்ராக்காக ஓடும். அதன்மேல்தான் நாங்கள் வாசிப்போம். அதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்.

என் கிட்டாரிலிருந்து ஒரு வயர் காலடியில் இருக்கும், சத்தத்தின் குணத்தை மாற்றுகிற எஃபெக்ட்ஸ் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து மிக்ஸருக்கு, மிக்ஸரிலிருந்து மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர்களுக்கு. மேடையில் எங்களுக்கென்று வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கர் பாடுகிறவர்களின் காலடியிலேயே இருக்கும். ஆகவே என் சத்தம் எனக்குச் சரியாகக் கேட்காது. பாட்டுக்குள்ளே எங்கேயோ ஒரு கிட்டார் கேட்கும். மேடையில் கிட்டார் வைத்திருப்பவள் நான் ஒருத்தி, ஆகவே அது நான்தான் என்று இருந்தேன். ஆனாலும் ஏதோ இடித்தது. நான் அழுத்தி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் அந்தச் சத்தம் ஒரே மாதிரி, கோபமே வராத மனிதரைப்போல இருந்தது. எனக்குக் கோபம் வரும். என் கிட்டாருக்கும் வர வேண்டாமா?

அதனால்தான் பவர் ஆம்ப். எஃபெக்ட்ஸ் பெட்டியிலிருந்து வருகிற மெலிந்த சத்தத்தை, ஒரு ஸ்பீக்கரைத் தள்ளுகிற அளவுக்குப் பெரிதாக்கும் பெட்டி அது. அதையும் ஒரு ஸ்பீக்கரையும் என் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

"பொறும். அவசரப்பட்டு வாங்கிற சாமான் இல்லை இது" என்றார் கணவர்.

நான் காட்டிய ஒவ்வொன்றிலும் ஒரு நொட்டை கண்டுபிடித்தார். பழைய முறையில் கண்ணாடி வால்வ் வைத்தது என்றால், கனம், சூடு, வால்வ் போனால் மாற்ற ஆள் தேட வேண்டும். ரேக்கில் பூட்டுகிற பெரியது என்றால், உள்ளே விசிறி இரையும், மெல்லிய பாட்டில் அதுதான் முதலில் கேட்கும். சாப்பாட்டுப் பெட்டி அளவு புதிய வகை என்றால், அதில் போட்டிருக்கிற வாட்ஸை நம்பக்கூடாது, வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது என்று ஒரு பாடம். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் சரியில்லாவிட்டால் இரண்டில் ஒன்று எரிந்து போகும் என்று இன்னொரு பாடம்.

"எங்கட கலியாணக் குறிப்புக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பாக்கேல்லை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குச் சுருக்கென்றது. மனைவியின் கிட்டார் மேடையில் கொஞ்சம் பெரிதாகக் கேட்டுவிடும் என்று இந்த மனிதருக்குக் கூச்சமோ என்று நினைத்தேன். நினைத்ததும் ஆத்திரம் வந்தது. அந்த வாரமே கிளென்ஃபீல்டில் ஒருவர் விற்கப் போட்டிருந்த ஆம்பைப் பார்க்க நேரம் கேட்டு எழுதினேன். கணவரிடம், வருவதென்றால் வாருங்கள், வராவிட்டால் நானே துறைமுகப் பாலம் தாண்டிப் போய் வாங்குவேன் என்றேன். வந்தார்.

விற்றவர் வெள்ளைக்காரக் கிழவர். தோள்மூட்டு போய்விட்டது, இனித் தூக்க முடியாது என்றார். அவருடைய கராஜில் இரண்டு ஆம்புகள் இருந்தன. முதலில் சின்னதில் கிட்டாரைப் பூட்டினேன். சுத்தமாகக் கேட்டது, குறை சொல்ல முடியாது, ஆனால் மனதில் ஒட்டவில்லை. பிறகு வால்வ் ஆம்பைச் சூடாக விட்டு, பூட்டித் தந்தார். நான் ஒரு தந்தியைத் தொட்டேன்.

எப்படிச் சொல்வது? மெல்லத் தொட்டால் மெல்லப் பேசியது. அடித்தால் சீறியது. என் விரலில் இருந்த ஆத்திரம் அப்படியே நெஞ்சுக்குப் பின்னால் வந்து இடித்தது. அந்தக் கிழவர் தலையை ஆட்டிக்கொண்டு, என் கணவரைப் பார்த்து, உன் மனைவிக்கு இதுதான் சரி என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். கணவர் கராஜ் வாசலில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல செய்தி கேட்ட முகம் அல்ல அது.

"காணும், காணும். போவம்" என்றார். போதும் என்பதை எங்களூரில் அப்படித்தான் சொல்வோம்.

"வாங்கிக்கொண்டுதான் போவம்" என்றேன். ஆம்பையும் ஸ்பீக்கரையும் அவர்தான் தூக்கி டிக்கியில் வைத்தார். பாலத்தில் நெரிசல். நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மனுரேவாவில் ஒருவருக்கு அறுபதாவது பிறந்தநாள், மதியச் சாப்பாட்டோடு. மிக்ஸருக்குப் போகிற வயரையும் அப்படியே விட்டு, ஆம்பை மேடையில் என் பின்னால் வைத்ததும் கீபோர்டுத் தம்பியின் முகம் மாறிவிட்டது.

"அக்கா, எதுக்கு இதெல்லாம்? எப்பவும் போல மிக்ஸர்லயே போட்டுக்கலாமே. அண்ணா, நீங்களாவது சொல்லுங்க."

அண்ணா குனிந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முதல் பாட்டிலேயே ஏதோ சரியில்லை. என் முதுகுக்குப் பின்னால் என் கிட்டார் கேட்டது. முன்னால், பெரிய ஸ்பீக்கரில், இன்னொரு முறை அதே கிட்டார் கேட்டது, மயிரிழை முன்னால் பின்னால் நழுவிக்கொண்டு. மண்டபத்துச் சுவர் எதிரொலிக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டில் நடுவே கிட்டார் தனியாக வருகிற இடம் ஒன்று இருந்தது. அந்த ஓர் இடத்தைத்தான் அந்த மாதம் முழுக்க ஹெட்போனுக்குள் உட்கார்ந்து உருப்போட்டிருந்தேன். தொடங்கி இரண்டு வரி போனதும் வியர்வையில், தந்தியை மீட்டுகிற பிக் நழுவிக் கீழே விழுந்தது.

என் ஆம்ப் நின்றது. பாட்டு நிற்கவில்லை. கிட்டார் நிற்கவில்லை.

நான் வெறுங்கையோடு நின்றேன். நான் உருப்போட்ட அதே இடம், ஒரு பிசகு இல்லாமல், பெரிய ஸ்பீக்கரிலிருந்து அழகாகப் போய்க்கொண்டிருந்தது. லேப்டாப்பில் கிட்டாரும் இருந்தது. தாளத்தோடும் வயலினோடும் அதுவும் எப்போதும் இருந்தது. முன்வரிசையில் ஆட்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கணவரைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிக் விழுந்த அந்தக் கணத்திலேயே நிமிர்ந்திருக்கிறார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

நான் குனிந்து பிக்கை எடுத்தேன். ஆம்பை முழுதாகத் திருகி, அந்த மண்டபத்தின் கண்ணாடி அதிர ஒரு அடி அடித்திருக்கலாம். கை அதற்குத்தான் போனது. ஆனால் அறுபது வயதுக்காரர் மாலையோடு உட்கார்ந்திருந்தார், பேரப்பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஆம்பின் சுவிட்சை அணைத்தேன். மிச்சப் பாட்டு எல்லாவற்றுக்கும் சத்தமில்லாத கிட்டாரைத் தடவிக்கொண்டு, சிரித்த முகத்தோடு நின்றேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

இறங்கி வந்தபோது ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, இண்டைக்கு நல்லா வாசிச்சனீர்" என்றார். நன்றி அம்மா என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்டேன். "எவ்வளவு நாளா?"

அவர் காரை எடுக்கவில்லை. சாவியைப் பிடித்தபடி இருந்தார்.

"தொடக்கத்தில இருந்து" என்றார். "முதல் நிகழ்ச்சியில உமக்குக் கை நடுங்கிச்சுது. ரெண்டு மூண்டு இடம் பிழைச்சுப் போச்சு. கீபோர்டுத் தம்பி ஓடி வந்து, அண்ணா, அக்காவோட கிட்டாரை மிக்ஸர்ல இறக்குங்க, ட்ராக்ல கிட்டார் இருக்கு, அதை விடுறேன் எண்டார். இறக்காட்டி அடுத்த முறை உம்மைக் கூப்பிடமாட்டினம் எண்டு விளங்கிச்சுது. இறக்கிப் போட்டன்."

"பிறகு ஏத்தியிருக்கலாம்தானே?"

"ஏத்தினா, முதல் இறக்கினது உமக்குத் தெரிஞ்சிடும்."

மின்சாரம் படித்த மனிதரின் புத்தியைப் பாருங்கள். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் லேப்டாப்பைக் கேட்டிருக்கிறார்கள். நான் சேலையின் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அதற்கு வாயசைத்திருக்கிறேன், விரலால். எனக்கு அவமானத்தில் முகம் கொதித்தது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்தும் இதே காரில், இதே இருக்கையில் இருந்து இந்த மனிதர் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"அப்ப, 'நல்லா இருந்தது, நல்லா இருந்தது' எண்டு ஒவ்வொரு முறையும் சொன்னீங்களே. எதைக் கேட்டுச் சொன்னீங்கள்? லேப்டாப்பையோ?"

"உம்மைக் கேட்டுத்தான்."

"இறக்கிப் போட்டு என்னத்தைக் கேட்டீங்கள்?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். மிக்ஸரில் ஒவ்வொரு வயருக்கும் ஒரு பட்டன் இருக்கிறதாம். அதை அழுத்தினால் மண்டபத்துக்குப் போகாத சத்தமும் ஹெட்போனுக்கு வரும். "நான் வேற ஒண்டும் கேக்கிறதில்லை" என்றார். "பாடுறவையையும் கேக்கிறதில்லை, அவரையும் கேக்கிறதில்லை. தொடக்கத்தில இருந்து முடிவுமட்டும் உம்மை மட்டும் போட்டுக் கேப்பன். எல்லா நிகழ்ச்சியிலும்."

அது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் அவர் வெறுமனே நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறவர் அல்ல. போன தடவை, இரண்டாவது சரணத்தில் ஓர் இடம் வழுக்கினீர் என்று சொல்லியிருந்தார். நான் வழுக்கினேன்தான். யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்திருந்தேன். உண்மையில் யாருக்கும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. நடுங்கிக்கொண்டிருந்தவள் நடுங்காமல் வாசிக்கப் பழகியதை, ஒரு பாட்டு விடாமல், உலகத்தில் கேட்ட ஒரே ஆள் இவர்தான்.

நெஞ்சு ஒரு பக்கம் உருகியது, மறுபக்கம் இவரை அப்படியே காருக்கு வெளியே தள்ளிவிட வேண்டும்போல் இருந்தது. பாசத்தில் செய்தார் என்று தெரிகிறது. பாசத்தில் செய்ததென்றால் யாரிடம் போய் முறையிடுவது?

"இப்ப எப்பிடி வாசிக்கிறன்?" என்று கேட்டேன்.

"இப்ப நீர் லேப்டாப்பை விட நல்லா வாசிக்கிறீர்." என்றார். "கிளென்ஃபீல்டில அந்தப் பெட்டியில நீர் அடிச்ச அடியிலேயே எனக்கு விளங்கிப்போச்சு, இனி ஒளிக்க ஏலாது எண்டு."

"அப்ப ஏன் அவரிட்ட ஒரு சொல் சொல்லேல்லை?"

"நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்" என்றார், அதுவே ஒரு பதில் என்பதுபோல. "எனக்கு அது காணும்."

பின்னால் டிக்கியில் நான் பிடிவாதம் பிடித்து வாங்கிய ஆம்ப் கிடந்தது, இரண்டு முழுப் பாட்டுக்குக்கூடச் சூடாகாமல்.

"எனக்குக் காணாது" என்றேன்.