கழுவி வந்த கிளிஞ்சல்கள்

அந்த ஐப்பசியில் புதுச்சேரியில் மழை விடவேயில்லை. பிள்ளைகள் 'முசே' என்று அழைக்கும் இரண்டாம் வகுப்பு வாத்தியாராக இருந்த நான், அவர்கள் விளையாட்டாகக் கூட்டல் கற்கட்டும் என்று, எண்ணிக் கூட்ட ஏதாவது சிறு பொருள் கொண்டுவரச் சொன்னேன். பலர் புளியங்கொட்டையோடு வந்தார்கள். வீராம்பட்டினத்து மீனவச் சிறுமி ஒருத்தி வகுப்புக்கே ஆகுமென்று கூடை நிறையக் கிளிஞ்சல் கொண்டுவந்தாள்.

"மீன் நாத்தம் குடலைப் புடுங்குது. வெளியே வை" என்றேன். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் முதல் ஆளாக வந்து கூடையை நீட்டினாள். "சவுக்காரம் போட்டுக் கழுவிட்டேன் முசே. மோந்து பாருங்க."

நான் குனியவில்லை. "புளியங்கொட்டையே போதும். போய் உக்காரு."

எழுதவே வெட்கமாக இருக்கிறது. அதன்பிறகு அவள் என்னிடம் எதையும் நீட்டவில்லை. சிலேட்டைக்கூடப் பக்கத்துப் பெண்ணிடம்தான் கொடுத்தனுப்பினாள்.