சாதா சைக்கிள் பிரிவு

மலையில் ஓட்டுவதற்கென்றே ஒரு சைக்கிள் உண்டு என்பது எண்பதுகளின் நடுவில் எனக்குத் தெரியாது. டில்லியில் என்னைச் சுற்றி இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எங்களுக்குத் தெரிந்தவை இரண்டு. கறுப்பு நிறத்தில், கம்பி பிரேக்கும் கேரியரும் வைத்த சாதா சைக்கிள் ஒன்று. காலேஜ் பையன்கள் குனிந்து ஓட்டும் கியர் சைக்கிள் இன்னொன்று. அந்தக் காலத்தில்தான், ரிட்ஜ் காட்டுக்குள் கல்லும் முள்ளுமாகக் கிடந்த பாதையில் ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கப்போகிறது என்று, என் செக்‌ஷனில் பக்கத்து மேஜைக்காரர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் ஃபைல்களின் மேல் வைத்தார்.

அவர் பஞ்சாபி. கரோல் பாகில் வீடு. நாற்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு குர்காவ் வரை சைக்கிளில் போய் வருவார். நான் மோதி பாக் குவார்ட்டர்ஸிலிருந்து செக்ரட்டேரியட் வரை தினமும் சைக்கிளில் வருபவன் என்பதால் என்மேல் அவருக்குத் தனிப் பிரியம். மற்றவர்கள் ஸ்கூட்டர் வாங்கியபோதும் நான் வாங்காமல் இருந்ததைக் கொள்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அதை மறுத்ததில்லை.

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. ‘ஓபன்’ என்றால் யார் வேண்டுமானாலும், எந்தச் சைக்கிளும்; மூன்று சுற்று. ‘வெட்டரன்’ என்றால் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், ஒரே சுற்று. ‘ஆர்டினரி’ என்றால் கியர் இல்லாத சாதா சைக்கிள், இரண்டு சுற்று. ஒன்றில்தான் டிக் போடலாம்.

“வெட்டரன்ல போடு” என்றார் இந்தியில். “நாங்க நாலு பேர் இருக்கோம். அஞ்சு பேர் இல்லைன்னா அந்தப் பிரிவையே எடுத்துடுவாங்க. நீ வந்தா அஞ்சு.”

“எனக்கு முப்பத்தஞ்சு ஆகலையே.”

“சர்வீஸ் புக்ல ஆகிடுச்சு.”

அது உண்மை. என் பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு வயது கூடுதலாக இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொன்னதும், நாலு வயதுப் பையனை ஐந்து என்று சொல்லி என் அப்பா சேர்த்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அதை யாரும் பொய்யாக நினைக்கமாட்டார்கள். பின்னால் வேலைக்கு வந்தபோது அந்தத் தேதியே என்னோடு வந்தது. ஒரு வருஷம் முன்னாலேயே ரிட்டயர் ஆகவேண்டுமே என்று நானே அவரிடம் பலமுறை புலம்பியிருக்கிறேன். அந்தப் புலம்பலைத்தான் இப்போது அவர் எடுத்து நீட்டினார்.

“அரே, சர்க்காரே ஒத்துக்கிட்ட வயசு. மறுக்க நீ யாரு?” என்று சிரித்தார். “ஒரே சுற்று. அஞ்சு பேர்ல மூணு பேருக்குப் பரிசு. யோசிச்சு நாளைக்குச் சொல்லு.”

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவளும் என்னைப்போலத் திருநெல்வேலிதான். டில்லிக்கு வந்து எட்டு வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. மடியில் முறத்தை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“கூட்டாளி ஆசையா கேட்டா செய்யவேண்டியதுதான? ஆபீஸ்ல அந்தத் தேதியை வச்சுத்தான சம்பளம் வாங்குதீய?”

“அது எங்க அப்பா எழுதினது. நானா எழுதினேன்?”

“அப்போ இந்த ஃபாரத்துல யாரு எழுதப் போறா?” என்று கேட்டுவிட்டு அடுத்த பட்டாணியை எடுத்தாள்.

அவள் அதை ஒரு புத்திமதியாகச் சொல்லவில்லை. சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டாள். ஆனால் எனக்கு அதற்குமேல் வெட்டரன் கட்டத்தில் டிக் போடக் கை வரவில்லை. மறுநாள் நண்பரிடம், “பொய் சொல்லி ஓட்டறதுக்கு மனசு வரலை” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. “அச்சா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்துகொண்டார்.

நான் ஆர்டினரி கட்டத்தில் டிக் போட்டேன்.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொய் சொல்ல மனம் வரவில்லை என்று நான் எல்லோரிடமும் சொன்னது பாதி உண்மைதான். மீதிப் பாதி வேறு. டிக் போடுவதற்கு முன்பே, அதுவரை பேர் கொடுத்தவர்களின் பட்டியலை, படிவங்களைச் சேகரித்துக்கொண்டிருந்த நண்பரின் மேஜையில் பார்த்திருந்தேன். ஆர்டினரி பிரிவில், பெயருக்கு எதிரே தொழில் எழுதியிருந்தார்கள். பால்காரர், தபால்காரர், கேஸ் சிலிண்டர் போடுபவர், ஐஸ் போடுபவர், மறுபடி பால்காரர். எல்லோரும் விடியற்காலையில் எழுந்து வேலையை முடித்துவிட்டுக் களைத்துப்போய் வருவார்கள், நான் தூங்கி எழுந்து இட்லி சாப்பிட்டுவிட்டு வருவேன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவர்களுடைய சைக்கிள்கள் பழசாக இருக்கும். என்னுடையது நாலு வருஷத்துச் சைக்கிள், புது டயர் போட்டது. அந்தக் கூட்டத்தில் நான்தான் முதல் என்று முடிவே செய்துவிட்டேன். இதை இப்போது எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நாலு ஞாயிற்றுக்கிழமை ரிட்ஜுக்குப் போய்ப் பழகினேன். மட்கார்டையும் செயின் கவரையும் கழற்றினேன். கீக்கர் என்று டில்லியில் சொல்லும் கருவேல முள்ளுக்குப் பயந்து, டயருக்குள் டியூபுக்கு மேலே பழைய டியூப் ஒன்றை வெட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டேன். குறைந்துகொண்டே வந்தது. திருப்தியாக இருந்தது.

பந்தயத்தன்று பனி விலக ஒன்பது மணி ஆயிற்று. ஷாமியானாப் பந்தலின் கீழ் ஒரு மேஜையில் எண் எழுதிய துணியைக் கொடுத்தார்கள். அதை முதுகில் குத்திக்கொள்ள முயன்றபோது ஊக்கு விரலில் ஏறி, “ஐயோ அம்மா” என்றேன்.

“தமிழா சார்?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “திரும்புங்க, நான் குத்திவிடறேன்.”

என்னைவிட ஒல்லி. அரைக்கை ஸ்வெட்டர், ரப்பர் செருப்பு. அவர் சைக்கிள் கேரியரில் கூடுதலாக ஒரு கம்பி வைத்து வெல்டிங் செய்திருந்தது. அதில் ஈரச் சாக்கு ஒன்று இன்னும் கட்டியிருந்தது. பட்டியலில் பார்த்த ஐஸ்காரர் இவர்தான் என்று புரிந்தது.

“எந்த ஊரு சார் நீங்க?”

“இங்கதான். மோதி பாக்.”

“அது இல்ல சார், நம்ம ஊர்ல.”

“திருநெல்வேலி.”

“நாங்க விழுப்புரம் பக்கம். இங்க ஆர்.கே.புரம் ஜுக்கி குடிசையில இருக்கோம்.” ஊக்கை மாட்டிவிட்டு என் சைக்கிளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “நல்லா வச்சிருக்கீங்க வண்டிய. எதுக்கு சார் பேர் குடுத்தீங்க?”

“சும்மாதான்” என்றேன். அன்று நான் சொன்ன முதல் பொய் அது.

“நானும் சும்மாதான் சார். காலையில நாலு கட்டி போட்டுட்டு ஓடியாறேன். பின்னாடி பாரம் இல்லாம ஒரு நாள் ஓட்டிப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஐஸ் ஏத்திட்டா நின்னு மூச்சு விட முடியாது. உருகிப் போயிடும்ல?”

ஈரச் சாக்கை அவிழ்த்து ஒரு மரக்கிளையில் காயப்போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

விசில் ஊதினார்கள். இருபத்திரண்டு பேர். முதலில் சரளைப் பாதை, பிறகு கல் நிறைந்த இறக்கம். இறக்கத்தில் நான் நாலாவதாக இருந்தேன். கம்பி பிரேக் அலறியது, பற்கள் ஒன்றோடொன்று மோதின, ஆனாலும் மனம் குதூகலமாக இருந்தது. கீழே காய்ந்துபோன ஓடை. அதைத் தாண்டினால் ஏற்றம். பழகும்போதெல்லாம் அந்த ஏற்றத்தில் பெடல்மேல் எழுந்து நின்று, பாதிவரை ஏறி, பிறகு இறங்கித் தள்ளியிருக்கிறேன். அன்று இறங்குவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். நான் எழுந்து நின்று மிதித்தேன். பின்சக்கரம் மண்ணில் சுற்றியது.

அப்போது இரண்டு பால்காரர்கள் என்னைத் தாண்டினார்கள். அவர்கள் ஓட்டவில்லை. ஓடைக்கு முன்பே குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தபால்காரர். அவருக்குப் பின்னால் ஐஸ்காரர், செருப்பைக் கழற்றி ஹாண்டில்பாரில் செருகிக்கொண்டு.

“சார், எறங்கிடுங்க” என்றார் போகிறபோக்கில். “ஏத்தத்துல வண்டிய நம்பாதீங்க.”

எனக்கு ரோஷம் வந்தது. இன்னும் வேகமாக மிதித்தேன். செயின் கழன்றது. பெடல் சட்டென்று கீழே போக, நான் பக்கவாட்டில் கீக்கர் புதருக்குள் விழுந்தேன். முழங்கையிலும் காதிலும் முள். செயினை மாட்டி நிமிர்ந்தபோது பத்துப் பேர் போய்விட்டிருந்தார்கள். கைகள் கிரீஸும் ரத்தமுமாக இருந்தன.

அதற்குப் பிறகு நான் முந்துவதைப் பற்றி நினைக்கவில்லை. இரண்டாவது சுற்றில் ஓர் இடத்தில் முன்னாலும் யாரும் தெரியவில்லை, பின்னாலும் சத்தம் இல்லை. வெயில் ஏறியிருந்தது. ஒரு மயில் பாதையை நிதானமாகக் கடந்து போகும்வரை காலை ஊன்றி நின்றேன். ஏற்றம் வந்தபோது இறங்கினேன். சைக்கிளைத் தோளில் தூக்கிப் பார்த்தேன். என் தோளுக்கு அது கனமாக இருந்தது. அந்த மனிதர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. அவர்களுடைய நாளிலேயே மிக லேசான பொருள் அன்று அந்தச் சைக்கிளாகத்தான் இருந்திருக்கும். களைப்போடு வருவார்கள் என்று நான் கணக்குப் போட்டது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அந்த மேட்டில்தான் உறைத்தது. தினமும் அவர்கள் செய்துகொண்டிருந்ததைத்தான் நான் நாலு ஞாயிற்றுக்கிழமை பழகியிருந்தேன்.

பதினாறாவதாக வந்தேன். முதலில் வந்தவர் நஜஃப்கர் பக்கத்துப் பால்காரர். இரண்டாவது தபால்காரர். மூன்றாவது ஐஸ்காரர். அவருக்கு ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். அதைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல ஒரு துண்டு ஐஸ்கூடப் போகாது சார்” என்று வாய்விட்டுச் சிரித்தார். நான் எத்தனையாவது என்று கேட்டார். சொன்னேன். “விழுந்தும் முடிச்சீங்களே” என்றார். அதில் கிண்டல் இல்லை. பத்தரைக்கு ஒரு ஹோட்டலில் ஐஸ் போடவேண்டும் என்று சொல்லி, காய்ந்த சாக்கை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் நண்பரைத் தேடினேன். ஐந்தாவது ஆள் கிடைக்காததால் வெட்டரன் பிரிவை எடுத்துவிட்டார்கள். அந்த நாலு பேரையும் ஓபனில் சேர்த்துவிட்டார்கள். மூன்று சுற்று, காலேஜ் பையன்களோடு. மற்ற மூவரும் இரண்டாவது சுற்றிலேயே விலகிவிட்டார்கள். இவர் மட்டும் விடவில்லை. ஷாமியானாவைப் பிரிக்கத் தொடங்கிய பிறகு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். கைதட்ட நான் ஒருவன்தான் இருந்தேன்.

ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

“கோபமா?” என்றேன்.

“கோபம்தான்” என்றார். “பொய் சொல்லமாட்டேன்னு சொன்னியே, அதுக்கில்லை. அது சரிதான். பால்காரனை ஈஸியா ஜெயிச்சிடலாம்னு அங்க போனியே, அதுக்கு.”

நான் அவரிடம் அதைச் சொன்னதே இல்லை. பட்டியலை நான் பார்த்த விதத்திலிருந்தே அவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். “ஆமா” என்றேன்.

அவர் என் காதில் இருந்த முள்ளைப் பார்த்து, கிட்டே இழுத்து, நகத்தால் பிடுங்கி எறிந்தார். “வலிக்குதா?” என்று கேட்டார். பிறகு இருவரும் தௌலா குவான் வரை சேர்ந்தே போனோம். அவருக்கு அது சுற்றுவழி.

திங்கட்கிழமை செக்‌ஷனில் எல்லோரும் விசாரித்தார்கள். பதினாறாவது என்றேன். எந்தப் பிரிவு என்று கேட்டார்கள். சாதா சைக்கிள் என்றதும் ஒருவர், “பால்காரங்க ஓட்டறதுலயே பதினாறாவதா?” என்று சிரிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். போன வாரமாக இருந்தால் செயின் கழன்ற கதையை விஸ்தாரமாகச் சொல்லியிருப்பேன்.

“அதுதான் இருக்கறதுலயே கஷ்டமான பிரிவு” என்றேன்.

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பக்கத்து மேஜையில் காலை நீட்டமுடியாமல் உட்கார்ந்திருந்த என் நண்பர் தலையை நிமிர்த்தி, “சச் பாத் ஹை, அவன் சொல்றது நிஜம்” என்று சொல்லிவிட்டு, மறுபடி ஃபைலில் எழுதத் தொடங்கினார்.