என் பேரில் ஒன்று வேண்டும் என்ற குலம் அண்ணை

ஹனோவரில் எங்கள் சனத்துக்குக் காப்புறுதியும் பென்சன் சேமிப்பும் செய்து கொடுத்த குலம் அண்ணை போய்விட்டார் என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் பேருந்தில் நின்றேன். "ஐயோ, ஆர் சொன்னது?" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரியும். எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்த அன்று, என் கணவர் எவ்வளவு கேட்டும் பையைத் திறக்கவில்லை. "மனுசியும் வந்து இருக்கட்டும். ஒராளை மட்டும் வைச்சுக்கொண்டு நான் பென்சன் கதைக்கிறதில்லை" என்றார். நான் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தேன்.

இரண்டு பேருக்குமான சேமிப்பைத் தன் பேரிலேயே போட என் கணவர் விரும்பினார். வரி நன்றாகக் குறையும் வகை அது. அண்ணைக்கும் அதில்தான் கமிஷன் கூட. ஆனாலும் அவர் உடன்படவில்லை. "இது ஆளோட முடிஞ்சுபோற வகை, தம்பி. உமக்கு ஒண்டு ஆயிட்டா இவ என்ன செய்வா? இவவும் பள்ளிக்கூடச் சமையலறையில வேலை செய்யிறவதானே. இவவின்ர பேரில மற்ற வகையைப் போடுவம். பிள்ளையளுக்காக அரசாங்கமும் அதில காசு போடும்."

என் கணவருக்கு முகம் கறுத்தது. "நான் என்ன, சாகவே போறன்?"

"ஓம், எல்லாரும்தான்" என்றார் அண்ணை. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. கடைசியில் அவர் பேரில் அவர் கேட்ட வகை, என் பேரில் அண்ணை சொன்ன வகை என்று இரண்டையும் போட்டோம்.

மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பிடித்தபோது, என் கணக்கை உடைக்க நினைத்தோம். சடங்கென்றால் எங்கள் ஆட்களுக்குக் கண்மண் தெரியாது. அண்ணை தொலைபேசியிலேயே பாய்ந்தார். "உடைச்சா அரசாங்கம் தந்ததைத் திருப்பி எடுத்துப்போடும். கொஞ்ச நாள் கட்டாம விடுங்கோ, அது தன்பாட்டில கிடக்கட்டும்." மேடைப் பூவைக் குறைத்தோம். வந்து வயிறாரச் சாப்பிட்டவர், "பூ குறைஞ்சாலும் கறி குறையேல்லை" என்றார்.

என் கணவர் ஓய்வு வயதுக்கு முன்பே போய்விட்டார். அவர் கட்டிய அந்தச் சேமிப்பும் அவரோடு முடிந்தது. செத்தவீட்டுக்கு வந்த அண்ணை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

இந்த வசந்தத்தில் என் கணக்கிலிருந்து முதல் பென்சன் வந்தது. பெரிய தொகையில்லை, ஹீட்டர் பில்லுக்குக் காணும். "அம்மா, இது அப்பாவின்ர காசோ?" என்று மகன் கேட்டான்.

"இல்லையடா, என்ர" என்றேன்.

அந்தச் சொல்லை இந்த வயதில் வாய் நிறையச் சொல்கிறேனே, அதுதான் குலம் அண்ணை எனக்கு விட்டுப்போனது.