ஹெஸ்டர் யாரையும் கொல்லவில்லை

வெர்டெல் மங்கின் பத்தொன்பது வருடம் அந்த வீட்டில் சமைத்தாள். ஒருநாள்கூட அங்கே தங்கியதில்லை. சவானா நகரத்தில், கருவாலி மரங்கள் கவிந்த சதுக்கத்தைப் பார்த்து நிற்கிற பழைய வீடு அது. இரவு தங்கவும் காலைச் சாப்பாட்டுக்குமாக வெளியூர்க்காரர்கள் வருவார்கள். விடியற்காலை ஐந்தரைக்குப் பின்வாசல் வழியாக நுழைந்து, இறாலும் சோளக்கூழும் சமைத்து, ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, மத்தியானம் அதே வாசல் வழியாகப் போய்விடுவாள்.

பழைய முதலாளியம்மா வீட்டை விற்றதும் பிரெஸ்டன் ஆல்ட்ரிஜ் வந்தான். நாற்பது வயது, சிரித்த முகம். முதல் வாரமே சமையல்கட்டில் வந்து உட்கார்ந்து, இந்த வீட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டான். வெர்டெல் நம்பிச் சொன்னாள். அடிமைக் காலத்தில் இதே அடுப்படியில் சமைத்தவள் ஹெஸ்டர், தன் வம்சத்தில் ஐந்து தலைமுறைக்கு முந்தியவள். விடுதலை வந்த அன்று அடுப்பை அணைத்துவிட்டு நடந்தே போய் ஊருக்கு வெளியே குடியேறினாள். அங்கே தேவாலயம் கட்டியவர்களின் பட்டியலில் நான்காவது பெயர் அவளுடையது. அதைச் சொல்லும்போது வெர்டெலுக்குப் பெருமையாகவே இருந்தது.

அடுத்த வருடம், தட்டில் முட்டை வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு விருந்தாளி கேட்டாள்: "அந்த விஷம் வச்ச ஹெஸ்டர் ராத்திரில நடப்பாளாமே, நீங்க பாத்திருக்கீங்களா?"

விசாரித்ததில், அவள் வீடு போன பிறகு சாயங்காலங்களில் பிரெஸ்டன் விருந்தாளிகளுக்குச் சொல்லிவந்த கதை வெளியே வந்தது. ஹெஸ்டர் முதலாளியின் குழந்தைக்குப் பாலில் அரளி கலந்து கொடுத்தாளாம், கொல்லைப்புறத்தில் தூக்கில் தொங்கினாளாம். சமையல்கட்டுக்கு மேலே இருந்த அறைக்கு 'ஹெஸ்டர் அறை' என்று பலகை மாட்டி, மற்ற அறைகளைவிட அதிக வாடகைக்கு விட்டிருந்தான் பிரெஸ்டன்.

வெர்டெல் நேரே போய்க் கேட்டாள். அவன் முகம் கோணவே இல்லை.

"வெறும் கதைதானே, வெர்டெல் கண்ணு. யாருக்கு என்ன நஷ்டம்? அவ செத்து நூறு வருஷம் ஆச்சு." கையோடு, அடிமைக் காலத்துச் சமையல்காரிகள் கட்டியதைப்போல ஒரு சிவப்புத் தலைத்துணியையும் நீட்டினான். "இதக் கட்டிக்கிட்டு நீயே சொன்னேன்னா இன்னும் எடுப்பா இருக்கும்."

அவளைவிடப் பதினெட்டு வயது சின்னவன். கண்ணு என்கிறான். வெர்டெலின் காதுமடல் கொதித்தது. அடுப்பில் வெந்துகொண்டிருந்த ரொட்டியை எடுத்து வெளியே வைத்தாள். சாப்பாட்டைக் கருகவிட அவளுக்குக் கை வராது. சமையல் மேலங்கியைக் கழற்றி அவன் தோளில் போட்டுவிட்டு வெளியேறினாள்.

ஒரு மாதம் ஆகியும் கோபம் தணியவில்லை. தங்கை ஓராபெல்லைக் கூப்பிட்டு, அவள் புகுந்த வீட்டுப் பெயரில் ஹெஸ்டர் அறையைப் பதியச் சொன்னாள்.

"பேய் பாக்கப் போறியாக்கா?"

"ஆமா. கீழ உக்காந்து கத சொல்ற பேய."

அன்று பிரெஸ்டன் ஊரில் இல்லை. வாசலில் இருந்த, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு வெர்டெலைத் தெரியாது. அக்காவும் தங்கையும் முன்வாசல் வழியாக ஏறிப் போனார்கள். அறைச் சுவரில் ஒரு தூக்குக் கயிற்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சட்டத்தின் அடியில் கடையின் விலைச்சீட்டுகூட ஒட்டியிருந்தது. ஓராபெல் அதைக் கழற்றி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

காலையில் நீளமேசையில் எட்டுப் பேர். ராத்திரியே ஊர் திரும்பியிருந்த பிரெஸ்டன், காப்பிக் குவளையோடு வந்தவன், வெர்டெலைக் கண்டதும் நின்றுவிட்டான். ஒஹாயோவிலிருந்து வந்திருந்த ஒருத்தி விடவில்லை: "கத சொல்லுவீங்கன்னாங்களே?"

"இன்னிக்கு வேண்டாமே," என்றான்.

"சொல்லுங்க மிஸ்டர் ஆல்ட்ரிஜ்," என்றாள் வெர்டெல். "நானும் காசு குடுத்துதான் தங்கியிருக்கேன்."

அவன் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினான். அவளே சொன்னாள். உட்கார்ந்தபடியே, குரலை உயர்த்தாமல். "ஹெஸ்டர் எங்க குடும்பத்து மனுஷி. அவ யாரையும் கொல்லல. இந்த வீட்டுப் பிள்ளைங்க ஆறு பேருக்கும் சோறு பொங்கிப் போட்டவ. அவ பெத்த ரெண்டத்தான் இந்த வீட்டுக்காரங்க வித்துட்டாங்க. அது தேவாலய ஏட்டுல, அவ வாயால சொல்லி எழுதுனது. உங்களுக்கு பயங்கரமான கத வேணும்னா அதச் சொல்லச் சொல்லுங்க இவர."

ஒரு கிழவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஒஹாயோக்காரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியானால் அந்த அறையில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று மெல்லக் கேட்டாள்.

பிரெஸ்டன் குனிந்து, தயவுசெய்து போய்விடச் சொன்னான். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றான். வெர்டெல் வேண்டாமென்றாள். காப்பி முழுவதையும் குடித்து முடித்த பிறகே எழுந்தாள். அதுவரை அவன் நிற்கவேண்டியிருந்தது.

அந்தக் கிழவர் பிறகு பத்திரிகைக்கு எழுதினார். நாலு வரி வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பு பலகை மாறிவிட்டதாக ஓராபெல் செய்தி கொண்டுவந்தாள். இப்போது அது 'லவீனியா அறை'. கதையில் அரளியும் சுவரில் கயிறும் அப்படியே இருந்தன.

"நம்ம பேர எடுத்துட்டான்ல, விடேன்க்கா," என்றாள்.

பள்ளிக்கூடச் சமையலில் சேர்ந்திருந்த வெர்டெல், பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்: "லவீனியா யார் வீட்டுப் பிள்ளடி?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெர்டெல் போதகரிடம் சாவி வாங்கி, பழைய ஏடுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினாள். லவீனியா என்று மூன்று பேர் இருந்தார்கள். மூவரின் வம்சத்தாரையும் அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தப் பலகையைப் பற்றிச் சொன்னாள்.