மேசையில் தமிழ் பேசாத வீடு

போன மாதம் தலைமன்னாருக்குப் போய்ப் பழைய இறங்குதுறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றுலா வந்த வெள்ளைக்காரி ஒருத்தி, தண்ணீர்ப் பக்கம் ஓடிய மகனைப் பிரெஞ்சில் "இங்கே வா" என்று அதட்டினாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். இந்த வயதில், இந்த முழங்கால்களோடு. கூட வந்த மருமகன் பயந்துபோனார்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த மொழியில் அதட்டு வாங்கி வளர்ந்தவள் நான். அம்மாவின் ஊர் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்கால். அங்கே அவர் வீட்டில் பிரெஞ்சுதான் பேச்சு. அப்பா யாழ்ப்பாணத்தார், இந்தத் தலைமன்னார்த் துறைமுகக் கந்தோரில் வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே கிளாக்கர். பிள்ளைகள் இங்கிலீசில் வளர்ந்தால்தான் முன்னுக்கு வருவார்கள் என்பது அவர் எண்ணம். ஆக, எனக்கும் தம்பிக்கும் அம்மாவோடு பிரெஞ்சு, அப்பாவோடு இங்கிலீசு; ஒருவர் 'மமான்', மற்றவர் 'டாடி'. அவர்கள் தங்களுக்குள் தமிழ் பேசுவது அறைக் கதவைச் சாத்திய பிறகுதான். எங்களுக்குத் தமிழ், வேலிக்கு வெளியே. கருவாட்டு வாசம் மட்டும் அனுமதி கேட்காமல் உள்ளே வரும். பக்கத்து வீட்டு ஆயிஷாவின் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடுவதை வேலிப் படலைக்குப் பின்னால் நின்று பார்ப்போம். அவர்கள் கத்துவதைக் கேட்டே தமிழ் பிடித்துக்கொண்டேன். அதனால் எனக்கு முதலில் வந்தது ஏச்சுத் தமிழ்தான்.

ஒருநாள் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த உறவினர் ஒருவர், காரைக்காலில் அம்மாவின் தாய் படுத்த படுக்கையாகக் கிடப்பதாகச் சொல்லிப் போனார். அம்மா போகக் கேட்டார். அப்பா விடவில்லை. போனால் அங்கேயே தங்கிவிடுவார் என்ற பயமாக இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அன்றிலிருந்து அறைக்குள்ளும் பேச்சில்லை. சாப்பாட்டு மேசையில் அப்பா என்னிடம் இங்கிலீசில் சொல்வார். நான் அதை, 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று தொடங்கி, அம்மாவுக்குப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். பதிலும் என் வழியாகத்தான். கடுஞ்சொற்களை விழுங்கிவிட்டு மீதியைக் கொடுப்பேன். ஜன்னலில் இந்தியாவுக்குப் போகும் கப்பலின் புகை தெரியும். அம்மா அதற்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

ஒரு மத்தியானம், போனால் திரும்பி வரத் தேவையில்லை என்று அம்மாவிடம் சொல்லும்படி அப்பா சொன்னார். சொற்கள் எனக்குத் தெரியும். தட்டைத் தள்ளி வைத்தேன். அம்மாவைப் பார்த்தேன். அவர் முகம் ஏற்கெனவே வெளிறியிருந்தது. அவருக்கு இங்கிலீசு விளங்கியிருந்தது. எல்லா நாளும் விளங்கியிருந்தது. நான் விழுங்கிய ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

கதிரையை விட்டு இறங்கி ஓடினேன். படலையைத் தாண்டி ஆயிஷா வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்தேன். என்ன நடந்தது என்று அவர் கேட்டார்.

"நான் இனிச் சொல்ல மாட்டன்" என்றேன், தமிழில்.

அம்மாவும் அப்பாவும் பின்னாலேயே வந்து முற்றத்தில் நின்றார்கள். அம்மா என் காதுபடத் தமிழ் பேசியது அதுதான் முதல்தடவை.

"பிள்ளைய விட்டுடுங்க. என்கிட்டப் பேசுங்க."

அப்பா மணலைப் பார்த்தபடி, "போயிட்டு வாரும்" என்றார்.

அம்மா தம்பியோடு அடுத்த கப்பலில் போனார். போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. திரும்பி வந்தவர் எங்களோடு தமிழே பேசினார். பிரெஞ்சில் ஒரு சொல்லும் அதன்பின் அவர் வாயில் வரவில்லை. அப்பாவும் மேசையில் இங்கிலீசை விட்டுவிட்டார். படலை திறந்தே கிடந்தது. அம்மாதான் அதைத் தாண்டி எங்கும் போகவில்லை.

கப்பல் நின்று எவ்வளவோ காலமாயிற்று. எங்கள் குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் உடைமுள் மண்டிக் கிடக்கிறது. தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டான். என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு சிறுபிள்ளையின் பிரெஞ்சு: பசிக்கிறது, பயமாக இருக்கிறது, அவர் இப்படிச் சொல்கிறார்.